பாதிக் காரணப்பெயர்கள்

“ஒண்ணுக்கு நல்லாத்தான் போவுது தம்பி. அப்புறம் எப்படிக் கெட்டுப் போயிருக்கும்?”

மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து அப்பா என்னிடம் இதைக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் சிறப்பு மருத்துவர் என்னிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். படித்த பையன் பக்கத்தில் இருந்தால் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். வடிகட்டும் திறன் 19 என்றார். 15-க்குக் கீழே இறங்கினால் கடைசிக் கட்டம். இப்போதே டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும், கையில் ஒரு சின்ன அறுவை செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். காருக்கு வந்ததும் அப்பாவிடம், “உங்க சிறுநீரகம் செயலிழந்துக்கிட்டு வருதுப்பா” என்றேன்.

அந்தச் சொல்லை ஏன் பயன்படுத்தினேன் என்று யோசித்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘கிட்னி’ என்றுதான் சொல்வோம். மலாய்க்காரர்களிடம் பேசும்போது ‘புவா பிங்காங்’. ஆனால் அந்த வருடம்தான் நான் சிறுகதை எழுத ஆரம்பித்திருந்தேன். நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது கிட்னி என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர், தினமும் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பவர். சொல்லைக் கேட்டதும் பிரித்துப் பார்த்துவிட்டார். சிறுநீர், அகம். சிறுநீர் இருக்கும் வீடு. அவருக்கோ சிறுநீர் முன்பைவிட அதிகமாகவே போய்க்கொண்டிருந்தது, இரவில் மூன்று தடவை எழுந்தார். வீடு நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

அடுத்த எட்டு மாதங்கள் அவர் அறுவைக்குப் போகவில்லை. இரண்டு அப்பாய்ண்ட்மெண்ட்டுகளை லோரி ஓட்டம் இருக்கிறது என்று தவிர்த்தார். யாரோ சொன்னதைக் கேட்டு பூனை மீசை இலையைக் காய்ச்சிக் குடித்தார். அது சிறுநீரைப் பெருக்கும். “பாரு, இன்னும் நல்லாப் போவுது” என்று எனக்கே ஆதாரம் காட்டினார். ஒருநாள் விடியற்காலை மூச்சு விட முடியாமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கழுத்தில் குழாய் சொருகித்தான் முதல் டயாலிசிஸ் நடந்தது.

முன்பே புரிந்திருந்தால் சிறுநீரகம் தப்பித்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. கழுத்துக் குழாய்க்கு அவசியம் வந்திருக்காது என்று மட்டும் சொல்லலாம். எட்டு மாதத்தை ஒரு சொல் தின்றதா, நான் தின்றேனா என்று எனக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லின் மேல் நான் தரும் புகார். என்னையும் எதிரிகளில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லோருக்கும் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் ஞாபகம் இருக்கும். மரம் இடுகுறி, ஏன் அந்தப் பெயர் என்று கேட்க முடியாது. நான்கு கால் இருப்பதால் நாற்காலி காரணப்பெயர். தேர்வில் இரண்டு மதிப்பெண் கிடைக்கும், அத்தோடு மறந்துவிடுவோம். ஆனால் தமிழில் கலைச்சொல் செய்பவர்கள் மறக்கவில்லை. அவர்கள் செய்வதெல்லாம் நாற்காலிகள்தாம். சொல்லைக் கேட்டாலே பொருள் விளங்க வேண்டும், விளங்காவிட்டால் அது அந்நியம். இந்த நம்பிக்கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

சிறுநீரகம் ஒரு பாதிக் காரணப்பெயர். அந்த உறுப்பு செய்யும் வேலைகளில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பெயராக்கியிருக்கிறார்கள். அது முக்கியமாக இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் உறுப்பு. உப்பையும் பொட்டாசியத்தையும் அளவில் வைக்கிறது. இரத்த அழுத்தத்தில் அதற்குப் பங்குண்டு. சிவப்பணு உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் ஹார்மோனும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இதெல்லாம் கெட்டுப்போன பிறகும் சிறுநீர் போகும். தண்ணீர் வெளியேறும், கழிவு உள்ளே நிற்கும். அடர்த்தியாக்கும் திறமை போய்விடுவதால் இரவில் கூடுதலாகவே போகும். அதாவது நோய் முற்ற முற்ற, ‘சிறுநீர் அகம்’ என்ற சொல் நோயாளிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

‘கிட்னி’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சொல்லுக்குத் தமிழில் எந்த அர்த்தமும் இல்லை, வெறும் ஓசை. ஆனால் அப்பாவுக்கு அதற்குள் ஆட்கள் இருந்தார்கள். பழைய தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்த மாமா ஒருவர் ‘கிட்னி போயி’ வாரம் மூன்று நாள் டவுனுக்குப் போய்வந்தது அவருக்குத் தெரியும். அவருடைய முகம் கருத்ததும் கால் வீங்கியதும் தெரியும். இடுகுறிச் சொல் காலியான பாத்திரம். அக்கம்பக்கத்தில் நடந்ததையெல்லாம் அதில் போட்டு வைக்கலாம். காரணப்பெயரை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நிரப்பியது தவறாக இருந்தால் வேறொன்றைப் போட இடமில்லை.

இதை மட்டும் வைத்துத் தனித்தமிழ்க்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன், பிறகு அழித்தேன். பழைய, மண்ணோடு ஒட்டிய சொற்கள் மட்டும் யோக்கியமா என்ன?

நீரிழிவை இங்கே நாம் ‘இனிப்புநீர்’ என்கிறோம். தமிழ்நாட்டில் சர்க்கரை வியாதி. மலாயில் ‘கெஞ்சிங் மானிஸ்’, அதாவது இனிப்பான சிறுநீர். நம் சொல் அதோடு ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கிறது. வடமொழி வழி வந்த ‘மதுமேகம்’ என்பதிலும் தேன் இருக்கிறது. ஆங்கில மருத்துவப் பெயரின் இரண்டாம் பாதிக்கும் லத்தீனில் தேன் என்றே பொருள். ஊர் ஊராக மனிதர்கள் ஒரே அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் நம் பேச்சில் அது எப்படிப் புழங்குகிறது? “எனக்குக் கொஞ்சம் இனிப்பு இருக்கு.” கல்யாண வீட்டில் லட்டு இருக்கிறது என்று சொல்லும் அதே தொனி. டீயில் சீனி போடாவிட்டால் இனிப்பு போய்விட்டது என்று எண்ணி, இரண்டு தட்டு சோறு சாப்பிடும் பெரியப்பாக்களை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் டயாலிசிஸ் இருக்கைகளுக்கு ஆட்களை அனுப்பும் முதல் காரணம் இந்த ‘இனிப்பு’தான். அப்பாவும் அந்த வழியாகத்தான் போனார். 15 வருட இனிப்பு.

இன்னொன்று, பக்கவாதம். பழையவர்கள் ‘பாரிசவாயு’ என்பார்கள். வாதம், வாயு இரண்டும் காற்று. மலாய்க்காரர்கள் ‘ஆங்கின் அஹ்மார்’ என்கிறார்கள், சிவப்புக் காற்று. இரண்டு மொழியிலும் ஒரு கெட்ட காற்று ஆளை அடித்துச் சாய்க்கிறது. கவிதையாக யோசித்தால் அருமை. காற்று பிடித்தால் என்ன செய்வோம்? எண்ணெய் காய்ச்சித் தேய்ப்போம், உருவிவிடுவோம். என் பாட்டிக்கு அதைத்தான் செய்தார்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மறுநாள். அங்கே யாருக்கும் பாசம் குறைவில்லை. சொல் சொன்னபடி செய்தார்கள், அவ்வளவுதான்.

‘மாரடைப்பு’ இதற்கு நேர் எதிர். மார், அடைப்பு. நோயாளிக்கு மாரில் அடைப்பதுபோல இருக்கும். உள்ளே உண்மையிலேயே இரத்தக்குழாய் அடைத்திருக்கும். உணர்வும் காரணமும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. மாரடைப்பு என்று கேட்டால் தைலம் தேடுகிறவர்கள் குறைவு, கார் சாவியைத் தேடுகிறவர்கள் அதிகம். தமிழின் மிகச் சிறந்த மருத்துவச் சொல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ‘புற்றுநோய்’ இரண்டாவது. மேற்கத்தியர்கள் அதில் நண்டைப் பார்த்தார்கள், நாம் கறையான் புற்றைப் பார்த்தோம். வெளியே மேடு தெரியும்போது மண்ணுக்கடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ தெரியாது. நண்டைவிடப் புற்று சரியான உவமை என்பது என் கட்சி.

ஆகவே பழசு, புதுசு, தமிழ், கடன் என்று பிரித்தால் விஷயம் பிடிபடாது. சொல்லைக் கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் உறுப்புகளின் பெயர்களைக் கொஞ்சம் உட்கார்ந்து வாசிக்கலாம். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். மூன்று ஈரல். ஒன்று கல்போல, ஒன்று மண்போல, ஒன்று நுரைபோல. நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். இவை அறுத்து, கையில் எடுத்து, அமுக்கிப் பார்த்தவர்களுடைய சொற்கள். ஆட்டுக்கறிக் கடையில் பிறந்திருக்கலாம், பிறக்கட்டும். ‘குண்டிக்காய்’ என்று சிறுநீரகத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னால் சிரிப்பார்கள், குண்டி கெட்ட வார்த்தையாகிவிட்டது. ஆனால் மலாய்ச் சொல்லைப் பாருங்கள்: ‘புவா’ பழம், ‘பிங்காங்’ இடுப்பு. இடுப்புப் பழம். இடுப்புக்குப் பின்பக்கம் இரண்டு காய்கள் தொங்குவதை இரண்டு மொழிக்காரர்களும் கண்டு ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள். முக்கியமான விஷயம், இரண்டிலும் சிறுநீர் இல்லை. எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லி, என்ன செய்கிறது என்பதில் வாயை மூடிக்கொள்கின்றன. அந்த மௌனம் எவ்வளவு பெரிய நேர்மை என்று இப்போது புரிகிறது. தெரியாத வேலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது.

இந்த இடத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைச் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் மருத்துவர். 1847-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். முதலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார், 1860-களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட, கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஆட்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். அதற்காக மாணவர்களோடு சேர்ந்து மேற்கத்திய மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867, ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872, ‘கெமிஸ்தம்’ 1875. கவிஞர் அம்பி அவரைப் பற்றி எழுதியிருக்கிறார், யாழ்ப்பாணத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நம் ஊரில்தான் பெயர் புழங்கவில்லை.

இந்த நூல்களை நான் கரைத்துக் குடித்தேன் என்று பீலா விடப் போவதில்லை. தலைப்புகளே எனக்குப் போதுமானதாக இருந்தன. வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆங்கிலச் சொல்லை எடுத்து, கடைசியில் ஒரு ‘அம்’ போட்டு, பணம், மரம் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். இனி அது வேற்றுமை ஏற்கும், கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில். சுத்தமான இடுகுறி. அதே மனிதர் அறுவை மருத்துவத்துக்கு வரும்போது ‘இரண வைத்தியம்’ என்கிறார். டாக்டர் கத்தியால் என்ன செய்கிறார் என்பதிலிருந்து பெயர் வரவில்லை, நோயாளி எதைக் காட்டிக்கொண்டு வருகிறான் என்பதிலிருந்து வந்திருக்கிறது. புண். (இன்றைய இலங்கையில் ‘சத்திர சிகிச்சை’ என்கிறார்கள். முதல்முறை வாசித்தபோது யாத்ரீகர்கள் தங்கும் சத்திரத்தில் வைத்து அறுக்கிறார்களோ என்று நினைத்தேன்.) ‘அங்காதிபாதம்’ என்பதிலோ கேசாதிபாதம் பாடும் புலவர்களின் வாசம். உடற்கூறு நூலைக் கையில் எடுத்த மாணவனுக்கு அது பழகிய ஓசையாக இருந்திருக்கும்.

ஒரே மனிதர் மூன்று சொல்லில் மூன்று வழி. கொள்கை இல்லாதவர் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சொற்களைப் படித்தவன் மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வைத்தியம் செய்தாக வேண்டும். சொல் தவறினால் அங்கேயே தெரிந்துவிடும். நம்முடைய இன்றைய கலைச்சொல் பட்டியல்களுக்கு அப்படி ஒரு கட்டில் கிடையாது. மணவை முஸ்தபா போன்றவர்கள் தனி ஆளாக உட்கார்ந்து தொகுத்த உழைப்பைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் எந்த நோயாளியும் அந்தப் பக்கங்களிலிருந்து திருத்தம் சொல்லித் திரும்பி வரவில்லை. டாக்டர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், நோயாளி கிட்னி என்கிறார், அகராதி நடுவில் யாரும் தொடாமல் அழகாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் ஒரே ஜாதி என்னைப்போலக் கதை எழுதுகிறவர்கள்தாம்.

அங்கேதான் இலக்கியத்துக்கு வருகிறேன். நம் சிறுகதைகளில் நோய் வரும் இடங்களைக் கவனியுங்கள். ரப்பர் மரம் வெட்டிய கிழவி, “எனக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்குதுய்யா” என்று பேசுவாள். ஆசிரியர் கிட்னியைத் திருத்தியிருப்பார், ‘இருக்குதுய்யா’வை விட்டுவைத்திருப்பார். வட்டார வழக்கு என்பது வினைச்சொல்லின் வாலில் மட்டும் இருக்கிறது என்ற எண்ணம். என் முதல் கதையிலும் லோரி டிரைவர் ஒருவர் ‘உயர் இரத்த அழுத்தம்’ என்று பேசுகிறார். அப்பா அதைப் படித்துவிட்டு, “இவரு டிரைவரா, வாத்தியாரா?” என்று கேட்டார். நம் ஆட்கள் ‘பிரஷர்’ என்றோ ‘டாரா திங்கி’ என்றோதான் சொல்வார்கள். திருத்தப்பட்ட சொல்லால் கதைக்கு நஷ்டம் என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. உடம்பைப் பற்றி நம் மக்கள் எதை நம்பி, எதற்குப் பயந்து, எதைத் தள்ளிப்போட்டார்கள் என்பது அந்தச் சொற்களுக்குள்தான் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் கதையில் நோயாளி இருப்பார், நோய் இருக்காது.

என் தலைமுறைக்கு இன்னொரு சிக்கல். நான் 2003-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். அந்த வருடம்தான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தும் உடம்பை நான் தமிழில் படிக்கவில்லை. பிறகு இடைநிலைப்பள்ளி, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல், இப்போது நீர்ச் சுத்திகரிப்பில் வேலை. சவ்வு வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது எனக்குச் சோறு போடும் தொழில். டயாலிசிஸ் இயந்திரத்தைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. முடிபோல மெல்லிய ஆயிரக்கணக்கான குழல்கள், உள்ளே இரத்தம், வெளியே நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஓடும் கரைசல், நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். அதை அப்பாவுக்குச் சொல்லத்தான் என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. பாடநூலில் தேடினால் ‘கூழ்மப்பிரிப்பு’. அதைச் சொன்னால் தோட்டத்துக் கோயிலில் கூழ் ஊற்றுவது ஞாபகம் வரும். கடைசியில் அத்தைதான் வந்து தீர்த்துவைத்தார்: “ரத்தத்தக் கழுவி உள்ள விடுறாங்கண்ணே.” மலாயில் ‘சூச்சி டாரா’ என்பதும் இதுதான். அப்பாவுக்கு உடனே விளங்கியது. கிட்னியின் வேலை ஒண்ணுக்குப் போவது மட்டும் இல்லை, இரத்தத்தைக் கழுவுவது என்பதும் அப்போதுதான் விளங்கியது. எட்டு மாதம் தாமதமாக.

இத்தனைக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துக் குழாய் தற்காலிகம்தான். முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்துவிட்டால், சில வாரங்களில் சிரை தடித்து ஊசி குத்த வாகாகும். அதற்கு டாக்டர்கள் ‘ஃபிஸ்டுலா’ என்கிறார்கள். நான் மறுபடியும் கைப்பேசியில் அகராதியைத் திறந்தேன். பவுத்திரம் என்று போட்டிருந்தது. “கையில பவுத்திரம் வைக்கப் போறாங்கப்பா” என்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்திரிகையில் வரும் மூலம், பவுத்திரம் விளம்பரங்களை வருடக்கணக்காக வாசித்தவர் அவர். “அது பின்னால வர்றதுல்ல? கையிலயா?” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்ததில் அவருடைய மானிட்டர் கத்தி, மிஸ்ஸி ஓடி வந்தார்.

அறுவை முடிந்த பிறகு அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தமனியின் வேகத்தில் இரத்தம் சிரைக்குள் பாய்வதால் வருவது. அது இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், நின்றுவிட்டால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே போக வேண்டும். இந்த அதிர்வுக்குத் தமிழில் என்ன என்று நான் தேடவில்லை. அப்பாவே ஒருநாள் கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள வண்டு கத்துது தம்பி” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வண்டு. காலையில் கண் விழித்ததும் முதலில் வண்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

டயாலிசிஸ் மையத்தில் தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவர் இருக்கிறார். போன மாதம் அப்பாவைக் கூட்டிப்போனபோது, அவர் புதிதாக வந்த ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, “வண்டு கத்துதாம்மா? தெனமும் தொட்டுப் பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி தன் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.